கோட்டில் நின்றவன்

நான் நடுவனாக நின்றது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதுவும் ஊர்ப்பந்தயம் ஒன்றில், சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில், கால் மணி நேரத்திற்கும் குறைவாக. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதழாசிரியர் என்னிடம் கேட்டது அறிவியல் கட்டுரை. இயற்பியல் படிக்கிறவன் ஒளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதுவான் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் மிதிவண்டியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும். அளவும் கருவியும் பிழையும் இதிலும் வரத்தான் செய்கின்றன.

என் தந்தை விழிஞ்ஞத்தில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு தகரப்பெட்டியும் காற்றடிக்கும் பம்பு ஒன்றுமாகக் குடும்பத்தோடு இங்கே வந்தார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளர்ந்தேன். பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் எங்கள் கடைக்கு வழி கேட்டால் 'பாண்டிக்காரன் கடை' என்றுதான் காட்டுவார்கள். பகைமையால் சொல்வதில்லை. அப்படிச் சொல்கிறவர்களே கடன் சொல்லிப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள். எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது பந்தல் போட்டவர்களும் அவர்களே. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழும்போது உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். வெளியூரிலிருந்து வந்து பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் ஓணத்தையொட்டி எங்கள் பகுதி வாசகசாலையார் மிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். முக்கோலையிலிருந்து புறப்பட்டு, விழிஞ்ஞம் சந்திப்பைச் சுற்றி, மீன்பிடி துறைமுகத்தை நோக்கி இறங்கும் சாலையில் முடிய வேண்டும். முதற்பரிசு இரண்டாயிரத்தொரு ரூபாயும் ஒரு நேந்திரன் குலையும். முடிவுக்கோட்டில் நிற்க யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தது. ஒருவரைச் சொன்னால் மற்றவர் ஒப்பவில்லை. கடைசியில் தலைவர் என்னைக் காட்டி, "இவன் சயன்சு படிக்கிறவன், எந்தப் பக்கமும் சேராதவன்" என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எந்தப் பக்கமும் சேராதவன்! அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓடியவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவன் என் அத்தை மகன். வயது பதினேழு. ஊரிலிருந்து வந்து தந்தையின் கடையில் கையுதவியாக இருந்தான். தந்தை பழைய உதிரிகளைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்த வண்டி அவனுடையது. உறவினன் ஓடுகிறான் என்பதை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "கோட்டைப் பார்ப்பதில் உறவு என்ன வந்தது?" என்று தலைவர் சிரித்தார். அவர் சொன்னது சரிதான். கோட்டைப் பார்ப்பதில் உறவு இல்லை.

நான் குந்தி உட்கார்ந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்தில் வைத்துக்கொண்டேன். கூச்சல் எழுந்தது. சக்கரங்கள் இரைந்துகொண்டு இறங்கி வந்தன. எவன் எங்கே வருகிறான் என்று நான் நிமிரவில்லை. கோட்டை முதலில் தொட்ட சக்கரம் என் அத்தை மகனுடையது. ஐயமே இல்லை. எழுந்து கையைத் தூக்கினேன். அப்போதுதான் முப்பது அடிக்குப் பின்னால், வலைக்குவியலின் பக்கத்தில் ஒருவன் விழுந்து கிடப்பதைக் கண்டேன். படகுக்காரர் ஒருவரின் மகன். உதடு கிழிந்திருந்தது. கூட்டத்திலிருந்து குரல்கள் கிளம்பின. "முழங்கையால் இடித்தான்!" என்றது ஒரு குரல். "இல்லை, இல்லை" என்றது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு குரல், அவ்வளவு உரக்கக்கூட இல்லை, "அவன் ஆள்தானே, இவன் என்ன சொல்வான்!" என்றது.

தலைவர் என்னிடம் வந்தார். "நீ பார்த்தாயா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. என் கண் கோட்டில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நொடி போதும். அந்த மூன்றாவது குரல் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. "பார்த்தேன்; இடித்தான்" என்றேன். குலையும் பணமும் இரண்டாவதாக வந்தவனுக்குப் போயின.

எங்கள் தெருவில் துணி தேய்க்கும் தமிழர் ஒருவர் இருக்கிறார். கழுகுமலைக்காரர். மாலையில் கடைக்கு வந்து, "சொந்தக்காரன்னும் பாக்காம தீர்ப்புச் சொன்னானே, மனுநீதிச் சோழன்!" என்று தந்தையிடம் பாராட்டினார். தந்தை அப்போது ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே என்னைக் கேட்டார்: "ஏலே, அந்த ராசா கன்னுக்குட்டி செத்துக் கிடந்ததக் கண்டுட்டுத்தான தேர ஏத்துனான். நீ என்னத்தக் கண்ட?"

நான் வாய் திறக்கவில்லை. இரவு படுக்கும்போது அத்தை மகனும் கேட்டான். "அத்தான், நீங்க பாத்தீங்களா?" அவன் குரலில் சினம் இல்லை. பரிசு வாங்கிய கணக்கைக் கேட்பதுபோல அமைதியாகக் கேட்டான். "ஊரே பாத்துச்சே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதம் அவன் தொழிற்பயிற்சியில் சேரத் திருநெல்வேலிக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. உலகத்தில் எங்கெங்கே மிதிவண்டிப் பந்தயத்தின் கடைசிப் பாய்ச்சலில் நடுவர் தீர்ப்பு பூசலுக்கு உள்ளாயிற்று என்று தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். தேர்வுக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் பிரெஞ்சு நாட்டுச் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப்போல் தவறிய ஒருவரைக் கண்டுபிடித்து ஆறுதல் அடையலாம் என்ற ஆசைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாலைப் பந்தயத்தின் இயல்பை முதலில் சொல்லவேண்டும். இருநூறு கிலோமீட்டர் ஓடியும் நூற்றைம்பது பேர் ஒரே கூட்டமாக வந்து சேர்வார்கள். காரணம் காற்று. முன்னால் செல்பவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான். பின்னால் ஒட்டி வருபவனுக்கு உழைப்பு மிகவும் குறைகிறது. ஆகவே விரைவாகப் பாயக்கூடிய வீரனைத் தோழர்கள் தங்கள் நிழலிலேயே வைத்துக் காத்துக்கொண்டு வந்து, கடைசி இருநூறு மீட்டரில் விடுவார்கள். அப்போது அவன் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் விரைவில் பாய்கிறான். அவனைப்போல் இன்னும் பத்துப் பேர் பாய்கிறார்கள். இருபுறமும் வேலித்தட்டிகள். எவனுக்கும் தனிப்பாதை கிடையாது. இடைவெளி தெரிந்தால் நுழைவான். நுழைகிறவனைக் கண்டால் முன்னவன் சற்றே சாய்வான். அந்தச் சாய்வு குற்றமா, ஆட்டத்தின் இயல்பா? பூசல் முழுவதும் அந்த ஒரு சாண் அகலத்தில்தான் நிகழ்கிறது.

அனைத்துலக மிதிவண்டிச் சங்கத்தின் விதி ஒன்று உண்டு. பாய்ச்சலைத் தொடங்கும்போது தேர்ந்துகொண்ட பாதையிலிருந்து விலகிப் பிறருக்கு இடர் விளைவிக்கக்கூடாது என்பது அதன் கருத்து. கேட்பதற்கு எளிமை. ஆனால் சாலையில் பாதை வரைந்திருக்கவில்லையே! நம் காரியவட்டம் வளாகத்துக்கு அருகே, லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் மிதிவண்டி ஓட்டத்துக்கென்று கட்டிய வட்டத்தளம் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருநாள் மாலை போய்ப் பாருங்கள். அத்தகைய தளங்களில் உள்விளிம்பிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளிச் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். பாய்ச்சல்காரனின் கோடு என்று அதற்குப் பெயர். தாண்டினானா இல்லையா என்று கண்ணால் காட்டலாம். சாலையில் அந்தச் சிவப்புக் கோடு நடுவரின் மனத்தில் மட்டுமே ஓடுகிறது.

2017ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஜூலை 7ஆம் நாள், நுயி-சான்-ஜார்ஜ் என்ற ஊரில் ஏழாம் கட்ட ஓட்டம் முடிந்தது. ஜெர்மானியர் மார்செல் கிட்டெலும் நார்வே நாட்டு எட்வால்டு போவாசன் ஹாகனும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். யார் வென்றார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. படத்தைப் பார்த்து, கிட்டெல் வென்றார் என்று அறிவித்தார்கள். வேற்றுமை 0.0003 வினாடி. நீளத்தில் 6 மில்லிமீட்டர். நான் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6 மில்லிமீட்டரை 0.0003 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். பொருந்துகிறது! முடிவுக்கோட்டில் இருக்கும் கருவி நாம் எடுக்கும் புகைப்படம் போன்றது அன்று. கோட்டின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை படமெடுத்து, கீற்றுகளை வரிசையாக அடுக்கிவிடுகிறது. ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிவது இடம் அன்று, காலம். முன்சக்கரத்தின் விளிம்பு எந்தக் கீற்றில் விழுந்ததோ அதுவே முடிவு. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 4ஆம் நாள், விட்டெல் நகரத்தில் நான்காம் கட்டம். வென்றவர் பிரெஞ்சுக்காரர் அர்னோ டெமார். இரண்டாவதாக வந்தவர் சுலோவாக்கியாவின் பீட்டர் சாகன், அன்றைய உலகச் சாம்பியன். அவருக்கும் வலப்பக்கத்து வேலித்தட்டிக்கும் இடையே நுழைய முயன்ற பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ் தட்டியில் மோதி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. சாகனின் வலது முழங்கை வெளியே நீண்டதைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது. நடுவர்கள் முதலில் அவரை அந்தக் கூட்டத்தின் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள். சற்று நேரம் சென்றது. மறுபடி கூடிப் பேசி, பந்தயத்தை விட்டே வெளியேற்றினார்கள். ஒரே மாலையில் ஒரே முழங்கைக்கு இரண்டு தீர்ப்பு!

மெதுவாக ஓட்டிய படங்கள் பின்னர் வந்தன. கேவண்டிஷ் ஏற்கெனவே நிலை தடுமாறிய பிறகுதான் முழங்கை நீண்டது என்றார்கள் சிலர். சாகன் தம் பாதையிலிருந்து வலப்பக்கம் சாய்ந்தது மட்டும் உண்மைதானே என்றார்கள் சிலர். அவருடைய குழுவினர் விளையாட்டு வழக்குகளுக்கான அனைத்துலகத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தண்டனையை உடனே நிறுத்திவைக்கத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. பந்தயம் முடிந்தது, கோடை முடிந்தது. டிசம்பர் 5ஆம் நாள்தான் முடிவு வந்தது. அது எதிர்பாராமல் நேர்ந்த, உள்நோக்கம் இல்லாத நிகழ்ச்சி என்று இரு தரப்பும் சேர்ந்து அறிவித்தன. அன்றைய சூழ்நிலையில் நடுவர்கள் தங்களால் இயன்ற அளவு ஆராய்ந்தே முடிவு செய்தார்கள் என்றும் சொன்னார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பெரிய பந்தயங்களில் காணொளியைப் பார்ப்பதற்கென்றே துணைநடுவர் ஒருவரை அமர்த்தப் போவதாகச் சங்கம் கூறியது. சாகனுக்கு அந்த ஆண்டுப் பந்தயம் திரும்பக் கிடைக்கவில்லை. 2012 முதல் 2016 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்ற பச்சைச் சட்டை அந்த ஒரு முறை அவருக்கு இல்லாமற் போயிற்று. பிறகு 2018லும் 2019லும் வென்றார்.

ஆறு மில்லிமீட்டரை ஒரு கருவி அன்றே முடித்துவிட்டது. ஒரு முழங்கைக்கு ஐந்து மாதம் பிடித்தது. அப்போதும் எல்லாரும் ஒப்பவில்லை.

விட்டெல் நிகழ்ச்சியில் என் மனத்தை மிகவும் தொட்டது தீர்ப்பு அன்று. ஓட்டம் முடிந்ததும் சாகன் நேரே கேவண்டிஷின் குழுப் பேருந்துக்குப் போனார், வருத்தம் தெரிவிப்பதற்காக. தமக்கும் சாகனுக்கும் நல்ல நட்பு உண்டு, ஆனால் அந்த முழங்கைதான் புரியவில்லை என்ற கருத்தில் கேவண்டிஷ் பேசினார். நடுவர்கள் கூடிப் பேசுவதற்குள் ஓடியவர்கள் இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. 2020 ஆகஸ்ட் 5 அன்று போலந்தின் கடோவிச் நகரில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. முடிவுச்சாலை இறக்கமானது. நெதர்லாந்து நாட்டு டைலன் குரூனவேகன் பாதையை விட்டு விலகித் தம் நாட்டவரான பாபியோ யாகோப்சனை வேலிப்பக்கம் நெருக்கிவிட்டார். தட்டிகள் பெயர்ந்து பறந்தன. யாகோப்சனை மருத்துவர்கள் செயற்கை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் அத்தகைய இறக்கத்தில் முடிவுக்கோட்டை வைத்தவர்களின் பொறுப்பு என்ன என்று வீரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி! யாகோப்சன் அடுத்த ஆண்டே திரும்பி வந்து 2021 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது விடுதி அறையில் தனியாகக் கைதட்டினேன்.

எங்கள் துறைமுகச் சாலையும் இறக்கந்தான். கோட்டை அங்கே போட்டது யார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. மிதிவண்டி இல்லை, கால் ஓட்டம். புதுக்கோட்டைச் சீமையின் கோவிந்தன் லட்சுமணன் 2018 ஆகஸ்ட் 26 அன்று ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று நாடே மகிழ்ந்தது. சிறிது நேரத்தில் அது பறிபோயிற்று. ஓட்டத்தின்போது அவர் கால் தடத்தின் உட்கோட்டைத் தாண்டிப் பதிந்தது என்று நடுவர்கள் நீக்கிவிட்டார்கள். நம் தரப்பு முறையீடு செய்தும் பயனில்லை. இருபத்தைந்து சுற்று ஓடியவனுக்கு ஒரு காலடி! கேட்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பின்மேல் எனக்குக் குறை இல்லை. கோடு இருந்தது, கால் தாண்டியது, பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அவ்வளவுதான். பார்த்ததைச் சொன்னார்கள் என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

கருவி இருந்துவிட்டால் பூசல் இராது என்றும் நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 28 அன்று ஆலப்புழைப் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டியின் இறுதி ஓட்டம் நடந்தது. நூறடிக்கு மேற்பட்ட சுண்டன் வள்ளங்கள். காரிச்சால் 4 நிமிடம் 29.785 வினாடி, வீயபுரம் 4 நிமிடம் 29.790 வினாடி. ஆயிரத்தில் ஐந்து வினாடி! வள்ளத்தின் விரைவை வினாடிக்கு நான்கு மீட்டர் என்று வைத்தால் இரண்டு சென்டிமீட்டர், என் கட்டைவிரல் அகலம். வீயபுரத்தார் ஒப்பவில்லை, முறையிட்டார்கள். மறு ஆய்வுக்குப் பிறகும் காரிச்சாலின் வெற்றியே நிலைத்தது. அந்த நாள்களில் விழிஞ்ஞத்துத் தேநீர்க்கடைகளில் வேறு பேச்சே இல்லை. எங்கள் கடைக்கு வந்த ஒருவர் என்னிடம், "நீ சயன்சு படிக்கிறாயே, இரண்டு விரற்கடை வேற்றுமையைப் பொறி காணுமா?" என்று கேட்டார். காணும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பொறி காணும், சரி. பொறியை வைத்தவன்மேல் நம்பிக்கை வேண்டுமே!" எனக்குப் பதில் கிடைக்கவில்லை. 2025இல் வீயபுரம் வென்று கோப்பையைக் கொண்டுபோனது. அந்த மனிதர் கடைக்கு வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி எங்கள் பந்தயத்துக்குத் திரும்புகிறேன். இவ்வளவு நேரம் ஐரோப்பாவைச் சுற்றியது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தானோ என்று எனக்கே ஐயம்.

பந்தயம் முடிந்த அடுத்த வாரமே, வாசகசாலைத் திண்ணையில் ஒரு பையன் தன் கைப்பேசியில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினான். ஓரமாக நின்று எடுத்திருக்கிறான். வலைகளிலிருந்து உதிர்ந்த மணல் சாலையில் பரவிக் கிடக்கிறது. படகுக்காரர் மகனின் முன்சக்கரம் அதில் ஏறுகிறது, வழுக்குகிறது, உடல் சாய்கிறது. சாய்ந்த தோள் என் அத்தை மகன்மேல் படுகிறது. அதற்குப் பிறகே இவன் முழங்கை வெளியே வருகிறது, தான் விழாமல் இருப்பதற்காக. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மிகத் தெளிவு. விட்டெல் நடுவர்களுக்கு ஐந்து மாதம் கழித்தும் கிடைக்காத தெளிவு எனக்கு ஆறே நாளில் கிடைத்துவிட்டது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

என்னென்ன சமாதானம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? பரிசு கொடுத்தாகிவிட்டது, குலையைத் தின்றும் ஆகிவிட்டது. இப்போது போய்ச் சொன்னால், 'ஆறு நாள் யோசித்துத் தன் ஆளுக்குச் சாதகமாகத் திருப்பினான்' என்பார்கள். விட்டெல் நடுவர்களும் தவறலாமென்றால் நான் எம்மாத்திரம்? இப்படியே மூன்றாண்டு ஓட்டினேன். ஆனால் அந்த நடுவர்கள் பார்த்தார்கள், நண்பர்களே. பார்த்து, கூடிப் பேசி, தவறினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அது பார்த்தவர்களின் தவறு. நான் பார்க்காமலே பார்த்தேன் என்றேன். அதுவும் நடுநிலைக்காகச் சொல்லவில்லை. நடுநிலையானவன் என்று பெயரெடுக்கச் சொன்னேன். தந்தை கோட்டம் எடுக்கும்போது பார்த்திருக்கிறேன்: சக்கரம் இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கத்துக் கம்பியை முறுக்குவார். பதற்றத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கிவிட்டால் சக்கரம் வலப்பக்கம் கோணிக்கொள்ளும். நான் செய்தது அந்தக் கூடுதல் சுற்றுத்தான். அதன் விலையைக் கொடுத்தவன் அத்தை மகன்.

சென்ற ஓணத்துக்கு அவன் விழிஞ்ஞம் வந்திருந்தான். பயிற்சி முடித்து வேலையில் இருக்கிறான், மீசை வைத்திருக்கிறான். கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பஞ்சர் ஒட்டுவதற்காக அந்தப் படகுக்காரர் மகன் வந்தான். உதட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் இருவரோ தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தார்கள். "மணலைப் பெருக்கியாச்சா?" என்று இவன் கேட்க, "இன்னும் பெருக்கவில்லை, நீ வந்து பெருக்கு" என்று அவன் சொல்ல, மறுபடி சிரிப்பு.

அவன் போனபின் கேட்டேன். அத்தை மகன் சாதாரணமாகச் சொன்னான். பந்தயத்தன்று மாலையே இவன் மருத்துவமனைக்குப் போய் அவனைப் பார்த்திருக்கிறான். தையல் போட்ட வாயோடு அவன் சொன்ன முதல் வார்த்தை, 'மணல் வழுக்கிவிட்டது' என்பதாம். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னானாம். இவன்தான் வேண்டாமென்று தடுத்திருக்கிறான்.

"ஏம்ல தடுத்த?"

"உங்களுக்கு அசிங்கமாப் போகும்லா அத்தான்."

அப்படியானால் அன்றிரவு 'நீங்க பாத்தீங்களா' என்று என்னைக் கேட்டபோது அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். அதையும் கேட்டேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான். பிறகு எழுந்து போய்த் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடத் தொடங்கிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்குப் போனேன். தலைவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: அன்று நான் பார்க்கவில்லை, கோட்டை மட்டுமே பார்த்தேன், பார்த்தேன் என்று சொன்னது பொய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். "இனிமேல் நேந்திரன் குலைக்கு எங்கே போவது?" என்றார் கடைசியில். திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனார். அந்த மூன்றாவது குரல் அவருடையதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

போட்டிகளின் முடிவுகளை எழுதிவைக்கும் தடித்த பேரேடு ஒன்று அங்கே உண்டு. தலைவர் அதை எடுத்து, அந்த ஆண்டின் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். படகுக்காரர் மகனை ஆள் விட்டு அழைத்தார்கள். அவன் வந்து, ஆம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். முதலிடத்தில் இருந்த பெயரை அடிக்காமல், அதன் மேலே சிறு எழுத்தில் அத்தை மகனின் பெயரைத் தலைவர் மலையாளத்தில் எழுதினார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதையும் திருத்தச் சொன்னேன்.